அடுப்படிக் கடிதங்கள்: ஏழே முக்காலுக்கு வீடு, எட்டரைக்குச் சாப்பாடு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வேலை முடிந்து வந்து புத்தகத்தைப் பார்த்து இரவுச் சாப்பாடு செய்கிறவர்கள் எழுதியவை. பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருந்துகொண்டு முப்பது வருடம் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தவள் நான். கல்மண்டபம் மார்க்கெட்டில் கூடையோடு நுழையும்போது பல நாள் ஏழு மணி தாண்டியிருக்கும். அதனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்கு ஆசையாகவே இருக்கிறது.

*அக்கா, கிண்டியில் வேலை. மெட்ரோ பிடித்துத் திருவொற்றியூர் வீட்டுக்கு வர ஏழே முக்கால் ஆகிவிடும். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் "30 நிமிடம்" என்று போட்ட சமையல் புத்தகம் ஒன்று வாங்கினேன். எதைச் செய்தாலும் எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. சாப்பிடாமலேயே சின்னவன் தூங்கிவிடுகிறான். என் கை மந்தமா, புத்தகம் பொய்யா?*
— வாசகி, திருவொற்றியூர்

உங்கள் கை மந்தமில்லை. அந்தப் புத்தகத்தைத் திறந்து, செய்முறையை விட்டுவிட்டு மேலே இருக்கும் பொருள் பட்டியலை மட்டும் படியுங்கள். "பெரிய வெங்காயம் 2, பொடியாக நறுக்கியது. தேங்காய் அரை மூடி, துருவியது. துவரம்பருப்பு ஒரு கப், வேகவைத்தது." அந்த "நறுக்கியது", "துருவியது", "வேகவைத்தது" மூன்றிலும்தான் உங்கள் முக்கால் மணி நேரம் போகிறது. எல்லாம் தயாராக மேடையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்த நிமிடத்திலிருந்துதான் பெரும்பாலும் அந்த 30 நிமிடத்தை எண்ணுகிறார்கள். குக்கர் ஆவி அடங்க ஆகும் பத்து நிமிடத்தையும் பலர் சேர்ப்பதில்லை. "வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்கவும், 5 நிமிடம்" என்று இருந்தால் அதையும் நம்ப வேண்டாம். இரண்டு பெரிய வெங்காயம் மிதமான தீயில் நிறம் மாற பத்து, பன்னிரண்டு நிமிடமாவது பிடிக்கும்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புத்தகம் பதார்த்தத்தின் வரிசையில் எழுதப்பட்டது. உங்களுக்கு வேண்டியது உங்கள் மாலை நேரத்தின் வரிசை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தோடு உட்காருங்கள். அந்த வாரத்துக்கு மூன்றே மூன்று பதார்த்தம் போதும். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் மாற்றி எழுதுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். மூன்று தலைப்புதான்: காலையில், வந்தவுடன், அடுப்பில்.

கீரை சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். "காலையில்" என்பதன் கீழே: முந்தின ராத்திரி ஆய்ந்து வைத்த கீரையைத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வை, பருப்பைக் கழுவி ஊறப் போட்டு அதையும் ஃப்ரிட்ஜில் வை. "வந்தவுடன்" என்பதன் கீழே: செருப்பைக் கழற்றியதும், புடவை மாற்றுவதற்கு முன்னால், பருப்பைக் குக்கரில் ஏற்று, புளியில் வெந்நீர் ஊற்று. இந்த இரண்டுக்கும் மூன்று நிமிடம் போதும். முகம் கழுவி, பையனின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பருப்பு வெந்திருக்கும், புளி கரைந்திருக்கும். மிச்சம்தான் "அடுப்பில்". அதற்கு இருபது நிமிடம் தாராளம். புத்தகத்தில் ஏழாவது வரியில் வரும் புளி, உங்கள் தாளில் முதல் வரிக்கு வந்துவிடும். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஏழே முக்காலுக்குப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. பசியில் இருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராலும் நிதானமாகப் படிக்க முடியாது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வெங்காயம், முக்கால் கிலோ தக்காளி, ஒரு கைப்பிடி பூண்டு போட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்கித் தொக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் ஈரமில்லாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளிக்கிழமை வரை வரும். குருமா, முட்டைக் குழம்பு, பட்டாணி மசாலா எல்லாவற்றுக்கும் புத்தகத்தின் முதல் நான்கு வரிகள் ஒன்றுதான். அந்த நான்கு வரியும் டப்பாவில் தயாராக இருக்கும்.

*எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மசியவில்லை. புத்தகத்தில் நான்கு விசில் என்று இருக்கிறது. நான் எட்டு வரை விட்டுப் பார்த்துவிட்டேன்.*
— வாசகி, கொருக்குப்பேட்டை

எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள்? நம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும். அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்பின் நார்ப்பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீரோ குழாயில் வரும் குடிதண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். கால் லிட்டர், அரை லிட்டர்தானே, கட்டுப்படியாகும். கடையில் வெகுநாள் கிடந்த பழைய பருப்பும் இப்படித்தான் அடம்பிடிக்கும். அதை ஒரு மணி நேரம் ஊறவைத்தால் ஓரளவு சரியாகும்.

புளியையோ தக்காளியையோ பருப்போடு சேர்த்து வேகவைக்கிறீர்களா? அப்படியானால் உடனே நிறுத்துங்கள். புளிப்பு பருப்பை மசியவிடாது. "எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போடவும்" என்கிற அவசரச் செய்முறைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

விசில் என்பதும் நேரக் கணக்கு அல்ல. பெரிய பர்னரில் முழுத் தீயில் நான்கு விசில் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும். சின்ன பர்னரில் அதே நான்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கட்டும். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். அடுப்பை அணைத்த பிறகும் உள்ளே பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். அரை தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நுரை பொங்கி வால்வை அடைக்காது.

*பாட்டி வைத்திருந்த சமையல் புத்தகத்தில் "பலம்", "ரூபாய் எடை", "ஆழாக்கு" என்று இருக்கிறது. இப்போது எப்படி அளப்பது?*
— வாசகர், பெரம்பூர்

ரூபாய் எடை 12 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. பலம் என்பது மூன்று ரூபாய் எடை, அதாவது 35 கிராம். ஆழாக்கு, படியில் எட்டில் ஒரு பங்கு. மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956இல்தான் வந்தது, வீடுகளில் பழைய பேச்சு அதற்கு அப்புறமும் வெகுநாள் இருந்தது. புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கிராமைக் குறித்து வையுங்கள், பாட்டியின் புத்தகம் மறுபடி அடுப்படிக்கு வந்துவிடும்.

*அக்கா, நானும் இரண்டு நண்பர்களும் வியாசர்பாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். வார நாளில் மீன் குழம்பு வைக்க முடியுமா? இன்னொரு கேள்வி, வீட்டிலேயே அத்தோ செய்யலாமா?*
— 24 வயது வாசகர்

தாராளமாக முடியும் தம்பி. மீன் சமைக்க நேரமே ஆகாது, சுத்தம் செய்யத்தான் நேரமாகும். காசிமேட்டிலும் மார்க்கெட்டிலும் மீன் வெட்டித் தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். உங்கள் மாலையில் அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறவர்கள் அவர்கள்தான். பெரிய மீனுக்கு ஆசைப்படாமல் அரைக் கிலோ நெத்திலி வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் கரையோரம் போய்வரும் சின்னப் படகுகளின் மீன்தான் அதிகம் வரும், விலையும் ஏறும்.

அறைக்குள் நுழைந்ததும் எலுமிச்சை அளவு புளியில் வெந்நீர் ஊற்றுங்கள். அகலமான சட்டியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவக்கும் முன்பே பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, கறிவேப்பிலை. பிறகு இரண்டு தக்காளி, அது குழைந்ததும் கொஞ்சம் மஞ்சள்தூள், இரண்டு மேசைக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூள், உப்பு, புளிக்கரைசல். இப்போது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். பச்சை வாசனை போய், ஓரத்தில் எண்ணெய் சிவப்பாக வளையம் கட்டும். அந்த வளையத்தைப் பார்க்காமல் மீனைப் போடாதீர்கள். போட்டபின் நான்கைந்து நிமிடம்தான். கரண்டியை உள்ளே விடாமல், துணி பிடித்துச் சட்டியின் இரண்டு காதையும் பற்றி ஒரு சுற்று சுழற்றுங்கள். மீன் உடையாது, குழம்பு எல்லாப் பக்கமும் படும். மொத்தம் இருபத்தைந்து நிமிடம், சோறு தனி.

அத்தோவை நீங்கள் கேட்டதில் எனக்குத் தனிச் சந்தோஷம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் வடசென்னைக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு அது, உங்கள் வியாசர்பாடியிலும் அவர்கள் நிறையப் பேர். வேகமான இரவுச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வேகவைப்பது நூடுல்ஸ் மட்டும்தான், மற்றதெல்லாம் கலப்பதுதான். வெந்த நூடுல்ஸை வடித்து, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பூண்டு வதக்கிய எண்ணெய், வறுத்த மிளகாய்த்தூள், கெட்டிப் புளித்தண்ணீர், உப்பு, ஒரு கரண்டி வறுத்த கடலை மாவு, கொத்தமல்லி எல்லாம் போட்டுக் கையாலேயே பிசறுங்கள். மேலே பொரித்த வெங்காயம். மேலே நொறுக்கிப் போடும் மொறுமொறுப்பான பேஜோ கிடைக்காவிட்டால் இரண்டு தட்டையை நொறுக்கிப் போடுங்கள். கடையில் கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பை வேலை நாளில் முயற்சிக்க வேண்டாம், அந்தத் தண்டை நார் எடுத்து நறுக்கவே நேரம் போய்விடும்.

*ராத்திரி மிஞ்சிய சோற்றை மறுநாள் எலுமிச்சை சாதமாக்கி டிபனில் வைக்கலாமா?*
— வாசகி, ஓட்டேரி

வைக்கலாம், ஆனால் ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சோறாக இருக்கக் கூடாது. சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் கொதித்த பிறகும் பிழைத்திருக்கும். நம் ஊர் வெக்கையில் அவை பெருகி நஞ்சைக் கக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சாப்பிட்டு எழுந்ததும் மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, படுக்கப் போவதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

*புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறேன் என்று மாமியாருக்கு வருத்தம். "நாங்க எந்தப் புத்தகத்தப் பாத்தோம்?" என்கிறார். அவர் சமையலும் எனக்குப் பிடிக்கும். கேட்டால் எல்லாவற்றுக்கும் "கொஞ்சம் போடு" என்றுதான் சொல்கிறார்.*
— வாசகி, தண்டையார்பேட்டை

அவருக்கு வருத்தம் புத்தகத்தின் மேல் இல்லையம்மா. தன்னிடம் கேட்கவில்லையே என்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தாளும் பேனாவுமாக அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். "அத்தை, உங்க காரக்குழம்ப எழுதி வெச்சுக்கணும், சொல்லுங்க" என்று கேளுங்கள்.

"கொஞ்சம்" என்று அவர் சொன்னால் திருப்பிக் கேட்காதீர்கள். அவர் கை சட்டிக்குப் போகும் முன் ஒரு சின்னத் தட்டை நீட்டுங்கள், அதில் போடட்டும். அதைக் கரண்டியால் அளந்து எழுதிக்கொண்டு பிறகு சட்டியில் கொட்டுங்கள். என் மாமியாரிடம் நான் இப்படித்தான் எழுதி வாங்கினேன். அவருடைய "கொஞ்சம் உப்பு" ஒன்றரைத் தேக்கரண்டி, "கொஞ்சம் மல்லித்தூள்" மூன்று மேசைக்கரண்டி. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. எண்ணெய்க் கறை ஏறிய அந்தக் காலண்டர் தாள் இன்னும் என் அலமாரிக் கதவில்தான் இருக்கிறது, நேற்றுக்கூடப் பார்த்துத்தான் வைத்தேன்.

இறக்கும் நேரத்தில் அவரை விட்டு நகராதீர்கள். என் மாமியார் கடைசியில் ஒரு சிட்டிகை வெல்லம் கிள்ளிப் போடுவார். அதைச் சொல்லவேயில்லை. மூன்றாவது தடவை கூடவே நின்றபோதுதான் பார்த்தேன்.