ஏர்பிஎன்பி வரி பிடித்த பிறகும் நகராட்சி ஏன் கேட்கிறது?

கேள்வி: டெக்சாஸ் கடற்கரையோரம் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வீடு வாங்கினோம். வார இறுதிகளில் ஏர்பிஎன்பி இணையதளம் மூலம் வாடகைக்கு விடுகிறோம். தெரிந்தவர்கள் கேட்டால் நேரடியாகவும் கொடுத்திருக்கிறோம். ஒரு குடும்பம் 45 நாள் தங்கியது. இப்போது விடுதி வரி பாக்கி என்று நகராட்சி கடிதம் அனுப்பியிருக்கிறது. ஏர்பிஎன்பிதான் வரி பிடிக்கிறதே, மறுபடி கட்ட வேண்டுமா?

பதில்: நீங்கள் ஒரே வரி என்று நினைப்பது உண்மையில் இரண்டு வரிகள். டெக்சாஸில் மாநிலத்துக்கு 6 சதவீதம். அதற்கு மேல் நகரம் தனியாக விதிக்கும், பெரும்பாலும் 7 சதவீதம் வரை. சில இடங்களில் கவுண்டியும் (மாவட்ட நிர்வாகம் மாதிரி) கை நீட்டும். மாநில வரியை 2017 முதல் ஏர்பிஎன்பியே பிடித்துக் கட்டிவருகிறது. நகர வரியை எல்லா ஊருக்கும் பிடிப்பதில்லை. விருந்தினர் ரசீதில் 'வரி' என்று ஒரு தொகை இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அது யாருக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. உங்கள் கணக்கில் அந்த விவரம் இருக்கும். முதலில் அதை எடுங்கள்.

என்னைக் கேட்டால், நகராட்சிக் கடிதத்தைவிட அந்த நேரடி வாடகைதான் பெரிய தலைவலி. அதற்கு யாரும் வரி பிடிக்கவில்லை. மாநிலம், நகரம் இரண்டுக்குமே பாக்கி. விருந்தினரிடம் வாங்க மறந்தீர்கள் என்றால் உங்கள் கையிலிருந்து போகும். மூன்று இரவு, இரவுக்கு 200 டாலர், சுத்தம் செய்ய 120 என்று வைத்துக்கொள்வோம். அறையைத் தயார் செய்யும் கட்டணமும் கணக்கில் சேரும் என்பதால் 720 டாலருக்கு வரி: மாநிலத்துக்கு 43.20, நகரம் 7 சதவீதம் என்றால் 50.40. காசு வாங்காமல் தங்கவைத்த சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் கிடையாது.

அந்த 45 நாள் குடும்பம்? தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ தங்கப்போவதாக ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே வரிவிலக்கு. வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் முதல் 30 நாளுக்கு வரி உண்டு. பழைய மின்னஞ்சல், வாட்ஸப் எல்லாம் தேடிப்பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. மாநில வரியை வசூலிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு இன்னும் கடிதம் வரவில்லை. இது நல்ல சகுனம். தானாக முன்வந்து பாக்கியைச் சொல்பவர்களுக்கு அங்கே ஒரு ஏற்பாடு உண்டு, அபராதம் தள்ளுபடியாகும். அவர்கள் முந்திக்கொண்டால் அந்தக் கதவு சாத்திவிடும். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு, பழைய பாக்கியைக் கேட்க இருக்கும் நான்கு வருடக் காலவரம்பும் உதவாது, எத்தனை வருடம் பின்னாலும் போவார்கள். விருந்தினரிடம் வரி என்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அந்தப் பணம் சட்டப்படி அரசுடையது, அதில் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

நகராட்சிக்குப் பதில் எழுதுமுன் ஒன்று பாருங்கள்: குறுகிய கால வாடகைக்கு உங்கள் ஊரில் அனுமதி தேவையா, நீங்கள் எடுத்தீர்களா? அனுமதியில்லாத வீட்டுக்கு வரிக் கணக்கு கொடுப்பது நாமே நம்மைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. அதற்காகக் கட்டாமல் இருக்கச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிவிட்டு, உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனிமேல் நேரடி வாடகைக்கு மாநில வரியை, விருந்தினர் தங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். வரி மாதம் 500 டாலருக்குக் கீழே என்றால் காலாண்டுக்கு ஒருமுறை போதும். தாமதமானால் அபராதம் 5 சதவீதம், 30 நாள் தாண்டினால் 10 சதவீதம், அதோடு ஒவ்வொரு தாமதக் கணக்குக்கும் 50 டாலர்.