ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பஞ்சாலையில் கார்டிங் (பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும்) பிரிவில் 12 வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக மூச்சு வாங்குகிறது, நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. டாக்டர் ஆஸ்துமா என்கிறார். "உடம்புக்கு ஒத்துக்கலைன்னா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, கணக்கை முடிச்சுத் தர்றோம்" என்கிறது நிர்வாகம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். எனக்கு இழப்பீடு கிடைக்குமா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் வரிதான் நாளைக்கு உங்களுக்கு எதிராக நீட்டப்படும் முதல் காகிதம்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் இறுக்கம் அதிகமாகவும், அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் குறைவாகவும் இருந்ததா? பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும். முற்றிய பிறகு எல்லா நாளும் ஒன்றுபோல் ஆகிவிடும். இது சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள நோய், வேலையிடத்தில் நடந்த விபத்துக்குச் சமம்.

ஆகவே மருத்துவரின் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒருவர் பல வருட மருந்துச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றில்கூட அவர் என்ன வேலை பார்த்தார் என்ற வரி இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. நீங்கள் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரிடம் போய், எந்தப் பிரிவில், எத்தனை வருடம், எவ்வளவு தூசியில் நின்றீர்கள் என்று சொல்லி, அதை எழுத வையுங்கள். வேலைக்கு முன்பும் ஷிப்ட் முடிந்த பிறகும் ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒரே நாளில் நீங்கள் ஊதும் காற்றின் அளவு இறங்கினால் அது வலுவான சான்று. புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு அதை எப்படியும் கிளறும்.

இ.எஸ்.ஐ. இருப்பதால் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஊனத்துக்கான பணத்தை, அதாவது ஊனப் பயனை, இ.எஸ்.ஐ. கழகம்தான் தர வேண்டும். ஊனம் எத்தனை சதவீதம் என்பதை மருத்துவக் குழு முடிவு செய்யும். அது குறைவாகப் பட்டால் மேல்முறையீடு உண்டு. கார்டிங்கில்தான் இருந்தீர்கள் என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். சம்பளச் சீட்டில் பிரிவு குறிப்பிடவில்லை என்றால் ஷிப்ட் பட்டியலின் நகல், கூட வேலை பார்த்தவர்களின் சாட்சி உதவும்.

இன்னொன்று: பட்டியலில் உள்ள தொழில் நோய் என்று தெரிந்தால் அதைத் தொழிற்சாலை ஆய்வு அதிகாரிக்குத் தெரிவிப்பது மருத்துவரின் கடமை, நிர்வாகத்தின் கடமையும்கூட. "தூசியால் மூச்சுத் திணறுகிறது, தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றுங்கள்" என்று இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிப் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைத் தொலைத்துவிடாதீர்கள்.