பாண்டில எங்க சாப்பிடறது, எங்க வாங்கறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாசம் அம்மா அப்பா, ரெண்டு பசங்களோட சனி ஞாயிறு பாண்டிச்சேரி வர்றோம். யாரைக் கேட்டாலும் ஒயிட் டவுன் மட்டும்தான் சொல்றாங்க. வயசானவங்களைக் கூட்டிட்டு எங்க சாப்பிடலாம், எந்தக் கடைத்தெருவுக்குப் போகலாம்? (திண்டுக்கல் வாசகி)

பதில்: ஒயிட் டவுன் கண்டிப்பா போங்க, அந்த மஞ்சச் சுவரும் காகிதப்பூ கொடியும் அவ்ளோ அழகு. ஆனா ஊர்க்காரங்க சாப்பிடறது, ஜவுளி எடுக்கறது, மளிகை வாங்கறது எல்லாம் பெரிய வாய்க்காலுக்கு மேற்கால. பிரெஞ்சுக்காரங்க இருந்த பக்கத்தையும் தமிழாளுங்க இருந்த பக்கத்தையும் அந்தக் காலத்துல பிரிச்சது அந்த வாய்க்கால்தான். கிழக்குப் பக்கம் மட்டும் பார்த்துட்டு பஸ் ஏறிட்டா பாண்டியை பாதிதான் பார்த்திருக்கீங்க, எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம் உண்டு.

காலைல வெயில் ஏர்றதுக்குள்ள கூபேர் மார்க்கெட் போயிடுங்க, ஊர்ல கேக்கும்போது பெரிய மார்க்கெட்னு கேளுங்க, நேரு வீதிலேர்ந்தே உள்ள நுழைஞ்சிடலாம். பூ, காய், மளிகை, மீன் எல்லாம் அந்த ஒரே கூரைக்குள்ள, சந்து சந்தா போகும், பசங்க கையை மட்டும் விடாதீங்க. அங்க மளிகைக் கடைல வடகம் கேட்டு வாங்குங்க, நான் சொல்றது வெயில்ல பிழியற கூழ் வடகம் இல்ல, தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், கறிவேப்பிலை எல்லாத்தையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு நாள்கணக்கா காயவெச்சு உருண்டை பிடிச்சிருப்பாங்க, மீன் குழம்பு இறக்கும்போது ஒரு உருண்டையை உதுத்துத் தாளிச்சுக் கொட்டினா தெருமுனை வரைக்கும் மணக்கும். பிரான்ஸ்ல பெரிய பெரிய சமையல்காரங்க வடூவான்னு சொல்லிப் போடற மசாலா இதுலேர்ந்து வந்ததுதான்.

டிபனுக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸ் போங்க, தொழிலாளர்களே கூட்டுறவா நடத்தறது, பெரியவங்க நிதானமா உக்காந்து காபி குடிக்கலாம். மதியம் பழைய கடைங்க பலதுல ஷட்டரை இறக்கிடுவாங்க, அதனால ஷாப்பிங்கை சாயங்காலத்துக்கு வெச்சுக்கோங்க. நடுவுல நேரம் இருந்தா வைசியாள் வீதியை ஒரு நடை பாருங்க, திண்ணையும் தாழ்வாரமுமா வரிசையா தமிழ் வீடுங்க, அந்தத் தெருவைப் பழைய மாதிரியே சீர்படுத்தினதுக்கு 2008ல யுனெஸ்கோ விருது கிடைச்சது.

பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலைல 7.30 வரைக்கும் வண்டி விட மாட்டாங்க, பசங்களை தைரியமா ஓட விடலாம், அப்பா அம்மாவும் காந்தி சிலை கிட்ட உக்காந்துக்கலாம், சுண்டல் அங்கயே வரும். ஞாயிறுன்னா காந்தி வீதில சண்டே மார்க்கெட், ரோடு பூரா துணி, செருப்பு, பை, பாத்திரம்னு பரப்பி வெச்சிருப்பாங்க, பேரம் பேசியே வாங்கணும். ராத்திரி கூட்டம் நெரியும், பெரியவங்களோட போறதா இருந்தா முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.

கேள்வி: மே மாசம் வந்தப்ப வஞ்சிரம் கேட்டா யானை விலை சொன்னாங்க. டூரிஸ்ட்னு ஏமாத்தறாங்களா? (சேலம் வாசகர்)

பதில்: இல்லைங்க, நீங்க வந்த நேரம் அப்படி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்கிற சமயம்னு விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கரையோரமா போற சின்னப் படகுல கிடைக்கறதுதான் மார்க்கெட்டுக்கு வரும், அதுல பெரிய வஞ்சிரம் வர்றது கம்மி. அந்த சமயத்துல ஹோட்டலுக்குப் போனா வஞ்சிரம் இருக்கான்னு கேக்காம இன்னிக்கு என்ன மீன் வந்துச்சுன்னு கேளுங்க, நெத்திலியோ சங்கராவோ இருந்தா அதை வாங்கிக்கோங்க, எனக்கு வஞ்சிரத்தை விட அன்னிக்கு வந்த நெத்திலி வறுவல்தான் ஒசத்தி.

கேள்வி: கடற்கரை பக்கம் ஒரு கஃபேல பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு 10 சதவீதம் சேர்த்திருந்தாங்க. கொடுத்தே ஆகணுமா? (சென்னை வாசகி)

பதில்: வேணாம். ஜிஎஸ்டி வேற, சர்வீஸ் சார்ஜ் வேற. ஜிஎஸ்டி அரசாங்க வரி, கட்டியாகணும். சர்வீஸ் சார்ஜை பில்லுல தானா சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே சொல்லிடுச்சு, 2025ல டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரின்னு சொல்லிடுச்சு. எடுத்துடுங்கன்னு பொறுமையா சொல்லுங்க, மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணுங்க. எனக்கும் ஒரு இடத்துல இப்படி ஆச்சு, கேட்டதும் வேற பில் போட்டுக் கொடுத்தாங்க. பரிமாறின பையனுக்குக் கொடுக்கணும்னு தோணுச்சுன்னா அவர் கைலயே கொடுத்துடுங்க.

கேள்வி: பாண்டி ஞாபகமா என்ன வாங்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: ஊதுபத்தி, மெழுகுவத்தி எல்லாரும் வாங்கறதுதான். வில்லியனூர் சுடுமண் பொம்மை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை ரெண்டும் நம்ம மண்ணுக்குன்னே புவிசார் குறியீடு வாங்கினது, அதைத் தேடி வாங்குங்க. கடலூர் ரோட்டுல முருங்கப்பாக்கம் கைவினை கிராமம் இருக்கு, செய்யறவங்க கிட்டயே பேசி வாங்கலாம். காகிதக்கூழ் பொம்மை லேசா இருக்கும், பஸ்ல மடில வெச்சுக் கொண்டு போயிடலாம், சுடுமண் வாங்கினா மட்டும் நல்லா வைக்கோல் சுத்தித் தரச் சொல்லுங்க.