சிவாவா போன்ற குட்டி நாய், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒத்துவருமா?

வளர்ந்த பிறகும் மடியில் அடங்கிவிடும் நாய்களை 'டாய்' இனம் என்பார்கள். சிவாவா பொதுவாக 3 கிலோவைத் தாண்டாது. குழந்தைக்கு 5 வயதாகும்வரை பொறுப்பது நல்லது.

காரணம் எடை வித்தியாசம். 18 கிலோ குழந்தை அதன்மேல் விழுவது, நம்மேல் ஒரு பசுமாடு செல்லமாகச் சாய்வதற்குச் சமம். முன்னங்கால் எலும்பு பென்சில் கனம்தான். சோபாவிலிருந்தோ கையிலிருந்தோ துள்ளி விழுந்தாலே மணிக்கட்டுக்கு மேலே முறியலாம். பல சிவாவாக்களுக்கு உச்சந்தலையில் எலும்பு மூடாத மென்மையான இடமும் உண்டு.

அதனால் குழந்தை நின்றுகொண்டு தூக்கவே கூடாது. தரையில் சம்மணமிட்டு உட்காரட்டும், நாய் தானாக மடிக்கு வரட்டும். பெரியவர்கள் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்புறத்துக்கு அடியில். குழந்தை எட்டாத கூடு ஒன்றும் வேண்டும் (வீட்டில் பலர் மறப்பது இதைத்தான்). உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உறுமுவது எல்லாம் 'விடு' என்ற எச்சரிக்கை. உறுமலுக்கு அடித்தால் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும்.

3 மாதக் குட்டிக்கு நாளுக்கு 4 வேளை உணவு. வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். ஈறில் தேன் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

'பல் சின்னது, கடித்தால் ஒன்றும் ஆகாது' என்பது தவறு: கீறலானாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.