காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையை இரவெல்லாம் காவல் காக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. போன மாதம் சளியோடு காய்ச்சல் வந்தது. உடம்பு சுடுகிறதே என்று மருந்தை எடுக்கப் போன நேரத்தில் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடம் இருக்கும். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து, ‘காய்ச்சல் வலிப்புதான், பயம் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன்கூட எடுக்கவில்லை. அதிலிருந்து அலாரம் வைத்து மணிக்கு ஒரு தடவை எழுந்து தெர்மாமீட்டர் வைக்கிறேன். 99 காட்டினாலே பாராசிட்டமால் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் கட்டிலிலிருந்து விழுந்தான். அன்று இரவு அவனைத் தூங்கவே விடவில்லை. அடுத்த தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா, காப்பகத்துக்கு அனுப்புவதை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன். ‘நீ அளவுக்கு மீறிப் போகிறாய்’ என்கிறார் கணவர். நான் செய்வது தப்பா?

பதில்: முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வலிப்பு வந்ததை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த பெற்றோர் பெரும்பாலும் சொல்வது, ‘செத்துவிட்டான் என்றே நினைத்தேன்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே வாக்கியத்தைத்தான். அதைப் பார்த்தவருக்கு ஒரு மாதம் தூக்கம் வராததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆகவே தப்பா, சரியா என்ற பேச்சு வேண்டாம். இவ்வளவு கண்விழிப்பும் எந்த இடத்தில் பலன் தரும், எந்த இடத்தில் வீண் என்று மட்டும் பார்ப்போம்.

தெர்மாமீட்டரில் அது வீண். ஏன் என்று சொல்கிறேன்.

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வருவது. நூறு குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு வருகிறது. அதிலும் இரண்டாவது வயதில்தான் அதிகம். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ சின்ன வயதில் வந்திருந்தால் வாய்ப்பு கூடும். காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் ஏதோ ஒரு சாதாரண வைரஸாக இருக்கும். உடம்பின் இரண்டு பக்கமும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் தானாக நின்று, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வராமல் இருந்தால் அதை எளிய வகை என்போம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மகனுக்கு வந்தது அந்த வகைதான். இதற்கு ஸ்கேனோ, மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையோ வழக்கமாகத் தேவைப்படாது. எடுத்தாலும் சிகிச்சையை மாற்றும்படி எதுவும் தெரியவராது. இந்த வயதில் ஸ்கேனுக்கு அசையாமல் படுக்கவைக்கவே பல நேரம் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், சி.டி. என்றால் கதிர்வீச்சும் சேரும். ஸ்கேன் எடுக்காமல் ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பியதை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். ஒன்று மட்டும் அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளிடம் காய்ச்சல் வலிப்பு கொஞ்சம் அதிகம் காணப்படுகிறது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குறைவாக இருந்தால் சரிசெய்வதும் சுலபம்.

மறுபடி வருமா? வரலாம். ஒரு முறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலின்போது திரும்ப வருகிறது. ஒன்றரை வயதுக்கு முன்பே முதல் வலிப்பு வந்தவர்களுக்கும், காய்ச்சல் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். உங்கள் மகன் ஒன்றரை வயதைத் தாண்டியவன் என்பது அவனுக்குச் சாதகம். எளிய வகை வலிப்பு மூளையைக் கெடுப்பதில்லை, படிப்பையும் பாதிப்பதில்லை. ‘இது பின்னால் கால்கை வலிப்பாக மாறிவிடுமா’ என்பது நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வியாக இருக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியது என்றால், எளிய வகை வந்தவர்களுக்கு அதைவிடச் சற்றே கூடுதல். அவ்வளவுதான்.

இப்போது அலாரத்துக்கு வருவோம். காய்ச்சல் மருந்தை முறையாக, விடாமல் கொடுத்தால் வலிப்பு திரும்ப வராமல் தடுக்கலாமா என்று ஆய்வுகள் செய்து பார்த்திருக்கிறார்கள். பாராசிட்டமாலும் தடுக்கவில்லை, ஐபுபுரோஃபெனும் தடுக்கவில்லை. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரியவருகிறது. நீங்கள் மருந்தை எடுக்கப் போன இடைவெளியில் அது வந்தது; இரண்டு நிமிடம் முன்னால் போயிருந்தாலும் வந்திருக்கும். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கொரு தரம் நீங்கள் எழுவதால் வலிப்பு தள்ளிப்போவதில்லை. உங்கள் தூக்கமும் அவன் தூக்கமும்தான் கெடுகிறது.

தடுக்க முடியாது என்றால், வந்தால் என்ன செய்வது என்பதைக் கையோடு வைத்துக்கொள்வதுதான் வழி. அவனைத் தரையிலோ அகலமான படுக்கையிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் வாந்தியும் வெளியே வடிந்துவிடும். கழுத்தை இறுக்கும் துணியைத் தளர்த்துங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர், மருந்து எதையும் வைக்கக் கூடாது. நாக்கை விழுங்கிவிடுவான் என்பது வெறும் பேச்சு. வாயில் எதையாவது திணித்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். அப்புறம், கடிகாரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். முடிந்தால் ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், மருத்துவருக்கு அது பெரிய உதவி. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். பிறகு அவன் சோர்ந்து தூங்குவான்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், உதடு நீலமாகி மூச்சு சீராகவில்லை என்றால், நின்று ஒரு மணி நேரம் ஆகியும் தெளியவில்லை என்றால், அதே நாளில் மறுபடி வந்தால் அப்போதும் உடனே மருத்துவமனைதான். மற்றபடி, ஒவ்வொரு வலிப்புக்குப் பிறகும் அன்றே ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும், காய்ச்சலின் காரணத்தைத் தெரிந்துகொள்ள. நீண்ட வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்று அவனைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிவைக்க வேண்டாம்.

பாராசிட்டமாலைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லப் போகிறேன். 99 டிகிரி காய்ச்சலே இல்லை. 100.4 டிகிரியிலிருந்துதான் காய்ச்சல் என்று கணக்கு. அதற்கு மேல் இருந்தாலும் அவன் விளையாடிக்கொண்டிருந்தால் மருந்து கட்டாயம் இல்லை. உடம்பு வலித்துச் சிணுங்குகிறான், குடிக்க மறுக்கிறான் என்றால் கொடுங்கள். மருந்து அவன் சௌகரியத்துக்காகத்தான். அளவு எடையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். இது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லிக்குக் கொஞ்சம் மேல். 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள ட்ராப்ஸில் ஒன்றரை மில்லிதான். தூக்கக் கலக்கத்தில் ட்ராப்ஸ் பாட்டிலை எடுத்து, சிரப் என்று நினைத்து 5 மில்லி ஊற்றிக் கொடுத்தால் மூன்று வேளை மருந்தை ஒரே வேளையில் கொடுத்ததாக ஆகிவிடும். பாராசிட்டமால் அதிகமானால் அடிபடுவது கல்லீரல். வீட்டில் ஒரே அளவுள்ள ஒரே பாட்டில் போதும், மற்றதைத் தூக்கிப் போடுங்கள். சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி இருமல் மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், லேபிளைப் படியுங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐஸ் தண்ணீரில் உடம்பைத் துடைப்பதும் வேண்டாம், நடுக்கம்தான் அதிகமாகும்.

காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதைவிட, மருந்து கொடுத்துச் சூடு இறங்கிய பிறகு அவன் எப்படி இருக்கிறான் என்பது எனக்கு முக்கியம். 103 வந்து, இறங்கியதும் பொம்மையைத் தேடும் பிள்ளையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. 101தான், ஆனால் தலையைத் தூக்காமல் துவண்டு கிடக்கிறான் என்றால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அமைதியாக இருக்கும்போதே 40 அல்லது அதற்கு மேல் போனாலும், விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுத்தாலும் காட்ட வேண்டும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை என்றால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல் ஐந்து நாளைத் தொட்டால், அவன் நன்றாகவே இருந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கள்.

கட்டில் விஷயம். மூன்று அடிக்குக் குறைவான உயரம், விழுந்ததும் அழுதான், சமாதானமாகி விளையாடினான் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நெற்றியில் எழும் புடைப்பு பார்க்கத்தான் பயங்கரம். இந்த வயதில் நாங்கள் யோசிப்பது தலையின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ கொழகொழவென்று வீங்கினால்தான். நினைவு தப்புவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, மூக்கிலோ காதிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல வடிவது, வழக்கத்துக்கு மாறான மந்தம், இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை. இல்லையென்றால் தூங்கட்டும். அவன் தூங்கும் நேரம் என்றால் தூங்கத்தான் செய்வான். கவலையாக இருந்தால் ஒரு தடவை லேசாகத் தட்டி, முனகிப் புரண்டு படுக்கிறானா என்று பாருங்கள்.

சரி, கண்விழிப்பு எங்கே பலன் தரும் என்று கேட்டேன் அல்லவா? ரிமோட்டின் பின்மூடியில் தரும். அதில், பொம்மையில், எடை பார்க்கும் மெஷினில் இருக்கும் தட்டையான பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வெந்துபோக ஆரம்பித்துவிடும். விழுங்கினானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் நேரே எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கில் போட்டுக்கொண்டாலும் அதே அவசரம்தான். முழுக் கடலை, முழுத் திராட்சை, மேஜை விளிம்பில் இருக்கும் சூடான கோப்பை, தண்ணீர் நிறைந்த வாளி, கைக்கெட்டும் மாத்திரை டப்பா, இவற்றுக்கு நீங்கள் செலவிடும் பத்து நிமிடம் இரவு முழுக்க எழுவதைவிட அவனை அதிகம் காப்பாற்றும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். சில ஊசிகளுக்குப் பிறகு காய்ச்சல் வரும். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் வரலாம். அதனால் வலிப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, ஊசி தடுக்கும் நோய்களே அதைவிட ஆபத்து. போடும்போது ‘காய்ச்சல் வலிப்பு வந்திருக்கிறது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காப்பகத்தையும் நிறுத்த வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். வீட்டிலேயே வைத்திருந்தாலும் முழுக்கத் தப்பாது. வலிப்பு வந்தால் என்ன செய்வது, எத்தனை நிமிடத்தில் ஆம்புலன்ஸ், யாருடைய போன் நம்பர் என்பதை ஒரு தாளில் எழுதி அங்கே கொடுத்துவிடுங்கள்.

இன்று இரவு அலாரத்தை எடுத்துவிட்டுப் படுங்கள். அவன் உங்கள் அறையிலேயே தூங்கட்டும், அதில் தவறில்லை. ஒரு வாரம் முயன்றும் தூக்கம் வராமல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்பக் கண்முன் வந்தால் உங்களுக்காக ஒரு மருத்துவரைப் பாருங்கள், மகனைக் காட்டப் போகும் சாக்கில் அல்ல, தனியாக. கணவரும் கூட வரட்டும்.