இரண்டே இரண்டு புகார்தான் வந்தது, நீக்கிவிடலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திறமூல டேட்டாபேஸைப் பராமரிக்கிறோம். ஆரம்ப காலத்தில் எழுதிய ஒரு சி மொழி இடைமுகம் அதில் இருக்கிறது. மூன்று வருடத்தில் அதைப் பற்றி வந்த புகார் இரண்டே இரண்டு. ஆனால் எஸ்கியூஎல் கட்டளைகளைப் படித்துப் பிரிக்கும் பார்சரில் கை வைக்கும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. அடுத்த வெளியீட்டிலேயே எடுத்துவிடலாம் என்கிறார்கள் இருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: புகார்க் கணக்கை முதலில் ஓரமாக வையுங்கள். ஒழுங்காக ஓடுகிற ஒன்றைப் பற்றி யாரும் எழுதிப்போடுவதில்லை. பயன்படுத்த ஆளே இல்லாமல் இருக்கலாம். பல வருடமாகப் பிசகில்லாமல் ஓடிக்கொண்டும் இருக்கலாம். டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகளில் எத்தனை பேக்கேஜ்கள் அதைச் சார்ந்திருக்கின்றன என்று ஒரே மாலையில் தேடிவிடலாம். அவசியம் தேடுங்கள். ஆனால் நிறுவனங்களுக்குள்ளேயே கிடக்கும் நிரல்கள் அந்தத் தேடலில் சிக்காது.

நான் முதலில் பார்ப்பது வேறு. அது அங்கே இருப்பதால் யாருக்காவது கெடுதல் நடக்கிறதா?

நான் பட்ட அனுபவம் ஒன்று. போஸ்ட்கிரெஸ்எஸ்கியூஎல் என்ற திறமூல டேட்டாபேஸில் பழைய முறையில் பேக்கப் தொடங்கினால், டேட்டா அடைவுக்குள் ‘பேக்கப் லேபிள்’ என்று ஒரு சின்னக் கோப்பு உருவாகும். முடிக்கும்போது அது போய்விடும். ஒரு நாள் ராத்திரி பாதி பேக்கப்பில் மெஷின் படுத்துவிட்டது. திரும்ப எழுப்பினால் டேட்டாபேஸ் கிளம்ப மறுக்கிறது. திரையில் வந்த குறிப்பு இதுதான்: பேக்கப்பிலிருந்து மீட்கவில்லை என்றால் அந்தக் கோப்பை நீக்கிப் பாருங்கள், மீட்கிறீர்கள் என்றால் நீக்காதீர்கள், டேட்டா பழுதாகிவிடும். இது அசல் சர்வர்தானா, எங்கோ மீட்டு வைத்த நகலா என்று நான் நாலு தடவை சரிபார்த்த பிறகே அதை அழித்தேன். தூக்கக் கலக்கத்தில் ஒருவரிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த முறை போகத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எப்படிப் போனது என்று பாருங்கள். 2016-இல் 9.6 பதிப்பில் மாற்று முறை வந்தது. பழையது இனி வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். உண்மையிலேயே எடுத்தது 2022-இல், 15-ஆம் பதிப்பில். ஆறு வருட அவகாசம். புது முறையில் பேக்கப் முடியும்வரை ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். தொடங்க ஒரு கட்டளை, முடிக்க ஒரு கட்டளை என்று ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தவர்களுக்கு அது நிஜமாகவே சிரமம்தான். கடைசியில் எடுத்தபோது ஃபங்ஷன்களின் பெயரையும் மாற்றினார்கள். அதனால் பழைய ஸ்கிரிப்ட் உடனே பிழை காட்டி நின்றுவிடும். சத்தமில்லாமல் ஓடி, உதவாத பேக்கப்பை எடுத்து வைக்காது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. எதை நீக்கினாலும் உடைவது உடனே கண்ணில் படும்படி உடையட்டும்.

உங்கள் இடைமுகம் யார் டேட்டாவையும் கெடுக்கவில்லை. உங்கள் ஐவருக்கும் வேலை வைக்கிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் அடுத்த வெளியீட்டிலேயே எடுக்க வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. அதே போஸ்ட்கிரெஸ்ஸில், நிரல்கள் சர்வரோடு பேசும் நெறிமுறையின் மூன்றாம் பதிப்பு 2003-இல் வந்தது. பழைய இரண்டாம் பதிப்பை 2021-இல்தான் எடுத்தார்கள்.

ஆனால் உங்கள் நேரமும் இலவசம் இல்லை. சி நிரலுக்குள் எஸ்கியூஎல் எழுத உதவும் ஈசிபிஜி அங்கே இன்னும் இருக்கிறது. அதன் இலக்கணத்தைக் கையால் திருத்திக்கொண்டிருக்காமல், மூல இலக்கணத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கித் தருகிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று சரிப்படுமா என்று பாருங்கள். முடியாது என்றால் தனித் திட்டமாகப் பிரித்துக் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பேற்க ஓர் ஆள் கிடைத்தால் மட்டும். ஆளில்லாமல் பிரித்தால் அது நீக்கியதற்குச் சமம். அப்போது நீக்குகிறோம் என்றே அறிவித்துவிடுங்கள்.

அப்புறம், அந்த இரண்டு புகார்களை எழுதியவர்களிடம் யாராவது பேசினீர்களா? எங்கே ஓடுகிறது, மாற எவ்வளவு காலம் வேண்டும் என்று இன்றே கேட்டு எழுதுங்கள். அவர்களின் பதில் வந்த பிறகு அந்த இரு நண்பர்களோடு உட்காருங்கள்.