ஆறு பேர் போனால் சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா?

கேள்வி: சிநேகிதிகள் ஆறு பேர் மாதம் ஒரு நாவலைப் படித்துவிட்டு, ஏதாவது ஒரு ரெஸ்டாரன்டில் சாப்பிட்டபடியே அதைப் பற்றிப் பேசுவோம். போன முறை சாப்பாடு 2,400 ரூபாய். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, மொத்தத்துக்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு 2,772 ரூபாய் வாங்கினார்கள். "ஆறு பேர் வந்தால் கட்டாயம், மெனு கார்டிலேயே இருக்கிறது" என்றார் மேனேஜர். தண்ணீர் பாட்டிலுக்கும் எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதல் விலை. இது சரியா?
– வாசகி, மதுரை

பதில்: சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை. நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது 2,520 ரூபாய்தான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எந்த ஹோட்டலும் தானாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. அதைச் சேர்த்த தொகைக்கு ஜி.எஸ்.டி.யும் போடக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. கூட்டமாகப் போனால் தனி விதி என்று எதுவும் கிடையாது. மெனுவில் அச்சடித்துவிட்டதால் கட்டாயம் ஆகிவிடாது.

அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள். ஒருவர் பணம் கட்டி, மற்றவர்கள் அப்புறம் ஜி-பே பண்ணும் கூட்டங்களில் பில்லை யாருமே படிப்பதில்லை. படியுங்கள். நீக்க மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

இரண்டு மணி நேரம் நீங்கள் பேசிக்கொண்டிருக்க, சலிக்காமல் காபி கொண்டுவந்தவருக்கு டிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள். அவர் கையிலேயே கொடுங்கள். சர்வீஸ் சார்ஜ் அவருக்குத்தான் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் சட்டம் ஹோட்டல் பக்கம். உட்கார வைத்துப் பரிமாறும் இடத்தில் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டில் வேண்டாம், சாதா தண்ணீர் போதும் என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.